எடைக்கு ஏறும் ஆள்

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும் கிடங்குக்கு அக்கா ஏழே முக்காலுக்கே வந்துவிடுவாள். கையில் ஒரு பழைய துணி இருக்கும். சுமை தூக்கும் தன் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். நான்கு சக்கரங்களையும் காலால் தட்டிப் பார்ப்பாள். குனிந்து, வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று தரையைத் தடவிப் பார்ப்பாள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் விரிசல் உண்டா, அவற்றைத் தூக்கும் சங்கிலிகள் இரண்டும் ஒரே மாதிரி இறுகியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். கடைசியில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு, ஹாரனை ஒரே ஒரு முறை அடிப்பாள். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வாட்ச்மேன் தன் கடிகாரத்தைச் சரிசெய்கிறார் என்று லோடு இறக்குகிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அவள் அங்கே சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் 'ஹாரன் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒட்டாமல் எப்படி இருக்கும்? ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடிப்பாள். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் அடிப்பாள். சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டமாட்டாள். சுமை உயரமாக இருந்து முன்னால் வழி தெரியாவிட்டால், வண்டியைத் திருப்பி, பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போவாள். கழுத்து வலிக்காதா என்று யாராவது கேட்டால், "கழுத்துதான வலிக்குது, வலிக்கட்டும்" என்பாள்.

அந்தக் கிடங்கில் டைல்ஸ் பெட்டிகள், வெள்ளைச் சிமெண்ட் மூட்டைகள், கல் அறுக்கும் இயந்திரங்கள் எல்லாம் வந்து இறங்கும். ஃபோர்க்லிஃப்ட் இரண்டு. இன்னொன்றை ஓட்டுகிறவனுக்கு 'ராக்கெட்' என்று பெயர். பெயருக்கு ஏற்ற ஆள். அவன் முப்பது அடுக்கு இறக்கும் நேரத்தில் அக்கா இருபத்தைந்துதான் இறக்குவாள். அவன் இறக்கியதில் இரண்டு அடுக்கிலாவது டைல்ஸ் உடைந்திருக்கும். அதைப் பொறுக்கிக் கூட்டி அள்ளுகிற நேரத்தை ஏனோ யாரும் ராக்கெட்டின் கணக்கில் எழுதுவதில்லை. வேகமாகப் போகிறவனைப் பார்த்தால் வேலை நடக்கிற மாதிரி இருக்கிறது. மெதுவாகப் போகிறவள் என்ன செய்தாலும் சோம்பேறி மாதிரிதான் தெரிகிறாள். இந்தக் கண்கோளாறு அந்தக் கிடங்குக்கு மட்டும் உரியதல்ல.

அக்காவை அங்கே சேர்த்துவிட்டவன் அவளுடைய தம்பி. அவன் நான்கு வருடமாக அங்கே லோடு இறக்குகிறவன். "என் அக்கா பதினோரு வருஷம் பேக்டரியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினவ சார்" என்று சூப்பர்வைசரிடம் பெருமையாகச் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருந்தான். தம்பி நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஆள். கிடங்கில் எல்லோரும் அவனை 'எடைக்கல்' என்று கூப்பிடுவார்கள். அது வெறும் கிண்டல் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்து அவன் உடம்பைப் பார்த்து யார் யாரோ என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறார்கள். இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டாள்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு சீசா பலகை இருந்தது. தம்பி ஒரு முனையில் உட்கார்ந்தால் எதிர்முனைக்கு எந்தப் பையனும் வரமாட்டான். வந்தவன் மேலேயே தொங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கடைசியில் அக்காவே எதிர்முனையில் போய் உட்காருவாள். ஒருநாள் அவள் மேலே இருக்கும்போது, மணி அடித்தது என்று தம்பி சட்டென்று எழுந்து ஓடிவிட்டான். அவள் இருந்த முனை கல்லில் வந்து மோதியது. முன்பல் ஒன்றின் நுனி உடைந்தது. இன்றைக்கும் அவள் சிரித்தால் அந்த உடைந்த நுனி தெரியும். தம்பி அன்று முழுவதும் அழுதான், அக்கா அழவில்லை.

அக்கா வாடகைக்கு இருந்தது தம்பி வீட்டுக்கு மேல்மாடியில். மாலையில் சாப்பாடு கீழேதான். அந்த வாரம் ஒருநாள், தட்டில் கை வைத்ததும் தம்பி ஆரம்பித்தான்.

"அக்கா, நாளைக்கு ஒரு பெரிய லோடு வருது. கல் அறுக்கற மெஷின். நான் இல்லாம நடக்காது."

"நீ என்னடா பண்ணப் போற? வண்டிதான தூக்கணும்?"

"வண்டி தனியாத் தூக்காதுக்கா. எடை ஜாஸ்தியானா பின்பக்கம் மேல எழும்பும். அதுக்குத்தான் நான். பின்னால ஏறி, கம்பியப் புடிச்சிட்டு நிப்பேன். 'எடைக்கு ஆள் வா'ன்னு சார் கூப்பிடுவாரு. நான் ஏறினதும் வண்டி கப்புன்னு தரையில உக்காரும். எல்லாரும் விசில் அடிப்பானுங்க."

அவன் மனைவி சிரித்தாள். "ஊர்ல எல்லாரும் படிச்சு வேலைக்குப் போவாங்க. இவரு சாப்பிட்டு வேலைக்குப் போயிருக்காரு."

தம்பியும் சிரித்தான். அக்கா மட்டும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் இருந்த சந்தோஷத்தை அவள் இதற்கு முன்பு அதிகம் பார்த்ததில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைக்கிறான் என்று திட்டு வாங்கியவன், கடையில் அளவுக்குச் சட்டை கிடைக்காமல் தலைகுனிந்து திரும்பியவன், உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் தன் உடம்புக்காகக் கைதட்டு வாங்குகிறான். அந்த இடம் ஒரு வண்டியின் பின்பக்கம்.

"எத்தன தடவ ஏறியிருக்க?" என்று கேட்டாள்.

"மாசத்துக்கு ஒரு தடவயாவது. நாலு வருஷமா."

"டேய், பின்னால ஆள் ஏறக்கூடாதுடா. வண்டியோட தகட்டுல எவ்வளவு தூக்கலாம்னு எழுதியிருக்கு. மூணு டன். அதுக்கு மேல ஒரு மூட்டை கூட வைக்கக்கூடாது. பின்பக்கம் எழும்புதுன்னா வண்டி என்ன சொல்லுது? என்னால முடியலன்னு சொல்லுது. அந்த வாய அடைக்கறதுக்கு உன்ன ஏத்தறாங்க."

"நாலு வருஷமா ஒன்னும் ஆகலியேக்கா."

"சீசா ஞாபகம் இருக்கா? முன் சக்கரம்தான் நடுவுல இருக்கற கட்டை. ஒரு பக்கம் லோடு, இன்னொரு பக்கம் நீ. லோடு திடுதிப்புன்னு சரிஞ்சு விழுந்துட்டா உன் பக்கம் என்ன ஆகும்?"

அவன் மனைவியின் சிரிப்பு நின்றுவிட்டது. "விழுந்தா என்னக்கா ஆகும்?" என்று அவள்தான் கேட்டாள். அக்கா, "நாளைக்கு அவன் ஏறமாட்டான்" என்றாள்.

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "வேலைக்குச் சேந்து மூணு வாரம்தான் ஆகுது. என் வேலையில நீ தலையிடாத. உன்ன நான்தான் சேத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். அவன் அக்காவிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுநாள் காலை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. அதில் ஒரே ஒரு மரப்பெட்டி. ஆள் உயரம், இரண்டு ஆள் நீளம். பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு மையில் எடை எழுதியிருந்தது: மூவாயிரத்து நானூறு கிலோ.

சூப்பர்வைசர் வேகமாக வந்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, 'அர்ஜென்ட்'. கெட்ட மனிதர் அல்ல. யாருக்காவது காய்ச்சல் என்றால் தன் பைக்கிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஆனால் அதையும் அர்ஜென்ட்டாகத்தான் செய்வார். கையில் போன், காதில் போன், வாயில் 'சீக்கிரம்'. மேலே இருப்பவர்கள் அவரை விரட்டினார்கள், அவர் கீழே இருப்பவர்களை விரட்டினார்.

"ஏம்மா, உன் வண்டிதான் பக்கத்துல இருக்கு. எடு" என்றார் அக்காவிடம்.

அக்கா பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். எடையைப் படித்தாள். பிறகு தன் வண்டிக்கு வந்து, அதில் பதித்திருந்த தகட்டைத் துணியால் துடைத்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சார், இது மூணு டன் வண்டி. பெட்டி மூவாயிரத்து நானூறு. அதுவும் நீளமான பெட்டி. எடை வண்டிய விட்டுத் தள்ளி நிக்கும். அப்ப மூணு டன்னே தாங்காது. பின் தெருவுல கல் கிடங்கு இருக்குல்ல, அவங்ககிட்ட அஞ்சு டன் வண்டி இருக்கு. ஒரு போன் போட்டா ரெண்டு மணி நேரத்துல வரும்."

"ரெண்டு மணி நேரமா? லாரி பன்னெண்டுக்குக் கிளம்பணும்மா. இங்க எப்பவும் எப்படிப் பண்ணுவோமோ அப்படியே பண்ணு. பின்னால ஆள் ஏத்திக்கலாம்."

"ஆள் ஏத்தி நான் ஓட்டமாட்டேன் சார்."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசருக்கு அந்தப் பார்வைதான் பிடிக்கவில்லை.

"எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நீ மட்டும்தான் பெரிய ரூல்ஸ் பேசற. முடியலன்னா முடியலன்னு சொல்லு. ராக்கெட் எடுப்பான்."

"எனக்கு ஓட்டத் தெரியாம சொல்லல சார். தெரிஞ்சதாலதான் சொல்றேன்."

ராக்கெட் தன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். "என்னக்கா, பதினோரு வருஷத்துல ஒன்னும் ஆகலன்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் இவ்ளோ பயம்?"

"பயந்ததாலதான் ஒன்னும் ஆகல" என்றாள் அக்கா.

சிலர் சிரித்தார்கள். சூப்பர்வைசர் கையை உயர்த்தி, "எடைக்கு ஆள் வா" என்று குரல் கொடுத்தார். அதற்காகவே காத்திருந்தவன்போலத் தம்பி வந்தான். அக்காவைப் பார்க்காமல் நேராகப் போய் ராக்கெட்டின் வண்டியின் பின்பக்கம் ஏறினான். கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விசில் பறந்தது. அவன் முகத்தில் நேற்று இரவு இருந்த அதே பெருமை.

அக்கா அவன் அருகே போனாள். வண்டிக்குப் பின்னால் போகவில்லை, ராக்கெட்டின் கண்ணுக்குத் தெரியும்படி பக்கவாட்டில்தான் நின்றாள். கோபத்திலும் அவளுக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது மறக்கவில்லை.

"இறங்குடா."

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதக்கா" என்றான் தம்பி, உதடு அசையாமல்.

வாயைக் கொஞ்சம் திறந்து, உடைந்த முன்பல்லின் நுனியை ஆட்காட்டி விரலால் ஒரு முறை தட்டினாள். அவ்வளவுதான். அங்கே நின்றிருந்த வேறு யாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியாது.

தம்பி அந்தப் பல்லைப் பார்த்தான். கோபம் தீரவில்லை. அக்கா சொன்னது சரி என்றும் அவனுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் கம்பியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. "பாத்ரூம் போய்ட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கி, யார் முகத்தையும் பார்க்காமல் கிடங்குக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவன் வர்ற வரைக்கும் வேற ரெண்டு பேர் ஏறுங்கப்பா" என்றார் சூப்பர்வைசர். ஒருவரும் அசையவில்லை. விசில் அடித்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் செருப்பில் பார்ப்பதற்கு ஏதோ இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ ஆளே இறங்கிப் போன இடத்தில் தான் ஏறி நிற்க யாருக்கும் துணிவில்லை.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, ஆள் வேணாம். ரெண்டு சிமெண்ட் மூட்டையத் தூக்கி வச்சுக் கட்டுங்க. அவன் எடை வந்துடும்ல."

"சார், மூட்டையும் வேணாம். பிரச்சினை பின்னால இருக்கற எடை இல்ல. முன்னால இருக்கற எடை" என்றாள் அக்கா.

"ஆள் வேணாம்னு சொன்ன. ஆள் இல்ல. இன்னும் என்னம்மா உனக்கு?"

அதற்குள் இரண்டு மூட்டைகளை ராக்கெட்டின் வண்டிக்குப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அவரோடு பேசி இனிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், 'எப்படியோ போங்கள், நான் சொல்லியாயிற்று' என்று ஒதுங்கியிருப்பார்கள். அக்கா ஒதுங்கவில்லை. தடுக்க முடியாததைக் கொஞ்சமாவது குறைக்கப் பார்த்தாள். நின்றிருந்தவர்களை எல்லாம் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் விரட்டினாள். லாரி டிரைவரையும் கீழே இறக்கி அந்தப் பக்கம் அனுப்பினாள். பிறகு ராக்கெட்டிடம் வந்தாள்.

"ராக்கெட், பெல்ட் போடு."

"ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்குக்கா?"

"போடு. ஒருவேள வண்டி சாஞ்சா குதிக்காத. ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சு உள்ளயே உக்காரு. குதிச்சவன்தான் வண்டிக்கு அடியில போவான்."

"சரி, அக்கா ஆசைக்கு" என்று ராக்கெட் சிரித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினான். அதன் பூட்டு 'க்ளிக்' என்றது.

ராக்கெட் திறமைசாலிதான். இரும்புக் கைகளைப் பெட்டிக்கு அடியில் பிசகாமல் செலுத்தினான். தூக்கினான். பின் சக்கரங்கள் தரையை விடவில்லை, ஆனால் சும்மா தொட்டுக்கொண்டுதான் இருந்தன. பெட்டி லாரியை விட்டுக் கிளம்பியது. சூப்பர்வைசர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கும் பார்வை அது.

ராக்கெட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டே சுமையை இறக்குவான். நேரம் மிச்சமாம். அன்றும் அப்படியே செய்தான். இறங்கிக்கொண்டிருந்த பெட்டி ஒரு பக்கம் லேசாக ஆடியதும், பயந்துபோய் லீவரைச் சட்டென்று நிறுத்தினான். அந்த ஒரு குலுக்கல் போதுமானதாக இருந்தது. வண்டியின் பின்பக்கம் இரண்டடி மேலே எழும்பியது. ஃபோர்க்லிஃப்ட்டைத் திருப்புவது பின் சக்கரங்கள்தான். அவை அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதும் ஒன்று, பிடிக்காமல் இருப்பதும் ஒன்று. பெட்டியின் மூலை தரையில் குத்தி, மரம் பிளந்து, இரும்புக் கைகளிலிருந்து வழுக்கி விழுந்தது. சுமை போனதும் பின்பக்கம் படீரென்று கீழே வந்தது. பதற்றத்தில் ராக்கெட்டின் கால் ஆக்சிலேட்டரை அழுத்தியபடியே இருந்தது. வண்டி பின்னால் பாய்ந்து கான்கிரீட் தூணில் போய் மோதி நின்றது.

வெள்ளைத் தூசி எழுந்து எல்லாவற்றையும் மறைத்தது. ஆளாளுக்கு இருமினார்கள்.

முதலில் ஓடியவள் அக்காதான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். கை பிரேக்கை இழுத்தாள். அதற்குப் பிறகுதான் ராக்கெட்டின் தோளைத் தொட்டாள்.

"எங்கயாவது அடிபட்டிருக்கா?"

"குதிக்கப் பாத்தேன்க்கா. பெல்ட் விடல" என்றான் அவன். இடுப்பில் பெல்ட் அழுத்திய வலியைத் தவிர அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா தன் கையாலேயே பூட்டை விடுவித்து அவனை இறக்கிக் கூட்டிவந்தாள்.

தூசி அடங்கியது. வண்டியின் பின்பக்க இரும்புக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடம்கூட இல்லை. அந்த இடைவெளியில் இரண்டு சிமெண்ட் மூட்டைகளும் இருந்தன. மூட்டைகள் என்று சொல்ல முடியாது. கிழிந்த சாக்கும் தூணில் அப்பிய வெள்ளை மாவும்தான் இருந்தன. கட்டியிருந்த கயிறு மட்டும் அவிழாமல் கிடந்தது.

தம்பி முகம் கழுவிக்கொண்டு அப்போதுதான் வந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. உடைந்த பெட்டியைப் பார்த்தான், ராக்கெட்டைப் பார்த்தான். பிறகு தூணைப் பார்த்தான். மெதுவாக அருகே போய், தூணில் அப்பியிருந்த மாவில் விரல் வைத்தான். அவனுடைய நெஞ்சு உயரத்துக்கு இருந்தது.

"அக்கா, நான் இங்கதான நின்னிருப்பேன்" என்றான்.

இத்தனை நேரம் கல் மாதிரி நின்ற அக்கா அப்போதுதான் அழுதாள். பல் உடைந்த அன்றைக்கும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

சூப்பர்வைசரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அவரே அக்காவிடம் பேசினார்.

"ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான் கேட்ட நீ. அதக் குடுக்க எனக்கு மனசு வரல. உன் தம்பிய எத்தன தடவ கூப்பிட்டிருப்பேன். ஒரு தடவ கூட ஆளைக் கூப்பிடறோம்னு தோணல. எடையக் கூப்பிடறோம்னுதான் நெனச்சேன்."

பிறகு எழுந்து, கல் கிடங்குக்கு போன் போட்டார். ஐந்து டன் வண்டி ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்து, பிளந்த பெட்டியை அலுங்காமல் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனது. விபத்து அறிக்கை எழுதும்போது 'காரணம்' என்ற இடத்தில் எல்லோரும் வழக்கமாக எழுதுவது ஓட்டுநரின் கவனக்குறைவு. சூப்பர்வைசர் அங்கே தன் பதவியை எழுதி, 'என் உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக மேலே இருப்பவர்களிடம் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. வாங்கிக்கொண்டார். அதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும், அதையும் பாராட்டத்தான் வேண்டும்.

அன்று மாலை தம்பி சாப்பிடவில்லை. அக்கா இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னடா?"

"இனிமே நான் அங்க வெறும் குண்டன்தானக்கா" என்றான் அவன். உயிர் பிழைத்த அன்றைக்கே இப்படி ஒரு கவலை வருமா என்று கேட்காதீர்கள். மனிதனுக்கு உயிரும் வேண்டும், அதோடு ஒரு மரியாதையும் வேண்டும்.

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "பெரிய லோடு வர்றப்ப மஞ்சக் கோட்டுக்கு உள்ள யாரும் வராம பாத்துக்க ஒரு ஆள் வேணும்டா. நான் பாத்தா தெரியற மாதிரி எடத்துல நின்னு கை காட்டணும். எவ்ளோ தூரத்துல இருந்தாலும் என் கண்ணுக்குத் தெரியணும். அந்த மாதிரி ஆள் இந்தக் கிடங்குல யாரு இருக்கா?"

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் மனைவி, "இவர மீறி ஒரு பூனை கூடப் போக முடியாது" என்றாள். அதற்குத்தான் அவன் சிரித்தான். பிறகு சாப்பிட்டான்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு மரப்பெட்டி வந்தது. இந்தமுறை ஐந்து டன் வண்டியை முன்கூட்டியே வரவழைத்திருந்தார்கள். அதை ஓட்ட அக்கா ஏறினாள். சுற்றிப் பார்த்தாள், பெல்ட்டை மாட்டினாள், ஹாரன் அடித்தாள். பக்கத்தில் தன் வண்டியில் உட்கார்ந்திருந்த ராக்கெட்டும் பெல்ட் போட்டிருந்தான். சும்மா நிற்கும்போதுகூட அவன் இப்போது அதைக் கழற்றுவதில்லை. இரண்டு வண்டிகளின் பின்புறத்திலும் 'இங்கே ஆள் ஏறக்கூடாது' என்று சிவப்பில் எழுதியிருந்தது. எழுதியவர் சூப்பர்வைசர், கையெழுத்து கோணலாகத்தான் இருந்தது.

மஞ்சள் கோட்டின் மேல் பளீரென்ற பச்சைச் சட்டையில் தம்பி நின்றிருந்தான். அவன் அளவுக்கு அந்தச் சட்டையைச் சூப்பர்வைசர் தனியாகச் சொல்லித் தைத்து வாங்கியிருந்தார். கையில் சிவப்புக் கொடி. லாரியோடு வந்த டிரைவர் புது ஆள். பொறுமை இழந்து தம்பியிடம் வந்தார்.

"எதுக்குப்பா பெரிய வண்டியெல்லாம்? நீ ஒருத்தன் சின்ன வண்டிக்குப் பின்னால ஏறி நின்னா போதுமே. இந்நேரம் முடிஞ்சிருக்கும். எல்லா எடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க."

தம்பி கொடியைத் தாழ்த்தவில்லை. கண்ணை அக்காவின் வண்டியிலிருந்து எடுக்கவுமில்லை.

"நானும் நாலு வருஷம் ஏறினவன்தாண்ணே. வண்டி தாங்காதுன்னா பெரிய வண்டி கொண்டாரணும், இல்ல சுமையப் பிரிக்கணும். மனுஷன வச்சு ஈடுகட்டக் கூடாது. அவசரம்னு சொல்றவங்க யாரும் அந்த எடத்துல வந்து நிக்கறதில்ல, பாத்துக்குங்க."

டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி கொடி இல்லாத கையால் எதிரே இருந்த தூணைக் காட்டினான். எத்தனை தடவை கழுவியும் அதில் ஒரு வெள்ளைக் கறை, நெஞ்சு உயரத்தில், போகாமல் இருந்தது.

"அன்னைக்கு எனக்குப் பதிலா அங்க ரெண்டு மூட்டை நின்னுச்சு. மூட்டை உடைஞ்சுது, கூட்டி அள்ளிட்டோம். என்னக் கூட்டி அள்ளி எங்க வீட்டுல யார்கிட்டண்ணே குடுக்கறது?"

டிரைவர் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.